மோதிரம் இல்லாத குட்டு

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் என்போம் நாம்.
பாதுவா நகரத்து மருத்துவமனையில், மூன்றாம் மாடியில்,
முதலில் மோதிரத்தைத்தான் கழற்றச் சொல்கிறார்கள்.
பிறகு சில்லறை, சாவிக்கொத்து, கழுத்துச் சங்கிலி,
சங்கிலியில் தொங்கும் புனிதர்.
நீலத் தட்டு நிறைந்ததும்
இவானோ தியோட்சோவின் விரலில் மிச்சம்
மோதிரம் இருந்த வெள்ளைத் தடம்.
அதைக் கழற்ற வழியில்லை.

ஒர்னெல்லா அவன் தலையில் துணித்தொப்பியை இறுக்குகிறாள்,
நீச்சல்காரர்கள் போடுவது போன்றது.
மூக்கு மேட்டிலிருந்து பிடரி வரை,
காதிலிருந்து காது வரை
சட்டைக்கு அளப்பதுபோல் நாடா பிடித்து
இடப்பக்கம் பேனாவால் ஒரு பெருக்கல் குறி.

விரலை முதலில் தேடணும், என்கிறாள்.
விரல் கையில்தானே இருக்கிறது?
அதற்கு முன்னால் இங்கே இருக்கிறது.
எட்டு வடிவக் காந்தச் சுருள் உச்சியில் அமர்ந்தது.
ஒரு சொடுக்கு.

பெருவிரல் துள்ளியது.

நெத்திலி துள்ளும் அளவுக்குத்தான்.
அவன் சொல்லவில்லை, நினைக்கக்கூட இல்லை.
இன்னொரு சொடுக்கு, இன்னொரு துள்ளல்.
அவள் எண்களைக் குறித்துக்கொண்டிருக்க
அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையை.
பதினோரு வருஷம் இப்படித்தான், என்றான்.
என்னைக் கேட்காமலே போய்
எடுத்துக்கொண்டு வரும்.

கியோஜ்ஜாவின் மீன் சந்தையில் அவனுக்கு இராவேலை.
அங்கே ஏலத்தைக் கூவுவதில்லை.
ஏலக்காரன் காதில் விலையை முணுமுணுக்க வேண்டும்,
அடுத்து நிற்பவனுக்குக் கேட்காமல்.
வெள்ளைப் பொடியும் அப்படித்தான் வந்து சேர்ந்தது,
பனிக்கட்டி அரைக்கும் எந்திரத்தின் ஓரம், மூன்று மணிக்கு,
காதோடு காதாக:
ஒரே ஒரு தடவை, தூக்கம் விரட்ட.
கேட்ட விலைக்கெல்லாம் தலையாட்டினான்.
படகில் அவன் பங்கு போயிற்று. பல் இரண்டு.
மகள் தேரேசினாவின் பிறந்தநாள்கள் ஐந்தோ ஆறோ.

சுருள் இப்போது நெற்றிப் பக்கம் நகர்கிறது.
'வேண்டாம்' என்ற சொல் அங்கேதான் குடியிருக்கிறதாம்.
டக்டக்டக்டக், மண்டைமேல் மரங்கொத்தி.
பதினைந்து விநாடி அமைதி.
மறுபடி மரங்கொத்தி.
பல் கூசுகிறது. இடக்கண் துடிக்கிறது.
ஆணுக்கு இடக்கண் துடித்தால் ஆகாது என்போம் நாம்.
பாதுவாவில் சகுனம் பார்ப்பதில்லை,
நரம்பு என்று சொல்லிவிட்டு
சுருளை ஒரு நூல் நகர்த்துகிறார்கள்.

இன்னொரு சங்கதி. சுருள் இரண்டு.
ஒன்று வெறும் சத்தம் மட்டும் போடும், சோதனைக்காக.
யார் தலையில் எதுவென்று ஒர்னெல்லாவுக்கே தெரியாது.
விரலைத் துள்ளவைத்தது நிஜம்.
நெற்றியைத் தட்டுவது நிஜமா, நடிப்பா,
உறையைப் பிரிக்க இன்னும் நாலு மாதம்.

தினமும் கடைசியில் ஒரு காகிதம், அதில் ஒரு கோடு.
இந்த முனை: துளியும் இல்லை.
அந்த முனை: தாங்க முடியவில்லை.
எவ்வளவு வேண்டியிருக்கிறது, கோட்டில் குறி.
முதல் நாள் பேனா காகிதத்தைத் தாண்டி
மேசையில் கிழித்தது.
பதினாறாம் நாள்
பாவம், இவள் சந்தோஷப்படட்டுமே என்று
இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிக் குறித்தான்.
கோட் மாட்டினான். மோதிரம், சாவி, புனிதர்.
படியிறங்கி வாசல் வரை போனான்.
மூன்று மாடியும் திரும்ப ஏறி வந்து
மூச்சு வாங்க
அந்தக் குறியை அடித்துவிட்டு உண்மையான இடத்தில் போட்டான்.
ரொம்பத் தள்ளி.
அதற்கு எந்தச் சுருள் காரணமென்று
யாரும் குறித்துவைக்கவில்லை.

ஊர் திரும்பும் பேருந்து பாலத்தில் ஏறியது.
இரு பக்கமும் உப்பங்கழி, மழைத் தூறல்,
சிப்பி வளர்க்கும் கழிகள் கறுப்பாக.
சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது.
திரையில் 'டயர் கடை'.
அவனிடம் வண்டியே கிடையாது.

பெருவிரல் எழுந்து
பச்சைப் பொத்தானுக்கு மேலே ஓர் அரிசி உயரத்தில் நின்றது.
அவன் அதைப் பார்த்தான்.
இத்தனை வருஷத்தில் முதன்முறையாக
அது
அவனை ஏதோ கேட்பதுபோல் இருந்தது.