மற்றவை

கல்லடியில் விடிகாலை ஐந்தரை.
ஒசாக்காவில் ஒன்பது; கூட்டம் தொடங்கிவிட்டது.
கமராவை மூடியிருக்கிறேன்,
தலை இன்னும் இழுக்கவில்லை.

முதல் கிழமை எத்தனை போகும், கேட்கிறார் தொமிதா.
எண்பதாயிரம் என்கிறேன்.
போன பாகம் ஒன்றேகால் இலட்சம்.
இருமுகிறார்.
அதை வாங்கியவர்களுக்கு இப்போது நாற்பது வயது,
பின்னேரம் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும்,
தொண்ணூறு மணித்தியாலத்துக்கு எங்கே போவார்கள்?
இதையே வரைபடமாகக் காட்டினேன்,
மரியாதையாக.

டிசம்பரா, மார்ச்சா?
மார்ச்.
டிசம்பரில் எங்களுக்கு வெள்ளம் என்பதற்காக அல்ல,
பெரிய கம்பனி ஒன்று அந்த மாதம்
எல்லா இறாக்கையையும் அடைத்துக்கொள்ளும்.
பெட்டியைக் குறைவாக அடியுங்கள்.
மிஞ்சினால் ஏப்ரலில் பாதி விலைக்கு எறிவார்கள்,
அடுத்த பாகத்துக்கும் அதுதான் விலை.

கடைசி வரி: மற்றவை.
அந்தச் சொல்லுக்குள்தான்
பாலமும் டச்பார் வீதியும் என் வீடும்,
சுவருக்கு அப்பால் டிலோஜனும்.
யப்பான் எழுத்தில் ஒன்றும் தெரியாமல்
போன பாகத்தை மூன்று தரம் முடித்தவன்.
இரண்டாவது சொல்தான் 'ஓம்' என்று
செத்துச் செத்துக் கண்டுபிடித்தவன்.
கடைசி அரக்கனுக்குக் கங்காணி என்று பேர் வைத்திருக்கிறான்.

ஒன்று போடலாமா,
விரல் நின்றது.
ஆனால் அவனுடையது நாலாம் கை,
பழைய வேன் ஒன்றின் சீற்றுக்கடியில் வந்து
காத்தான்குடியில் இறங்கியது.
ஒசாக்காவுக்கு ஒரு யென்னும் சேரவில்லை.

பூச்சியம் அடித்தேன்.
கணக்குச் சரி.

சுவருக்கு அப்பால் கங்காணி விழுந்தான்.
தொமிதா பேச்சை நிறுத்திவிட்டார்.
உங்கள் பக்கம் கேட்பது
எங்கள் மெட்டா?

நான் மைக்கை அணைத்தேன்.