புள்ளி

பிறிஸ்டல் போட்டில் வட்டம் கீறியவள் நான்.
முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி.
நான்குக்கும் நடுவே நான்கு அம்புக்குறி.
மை காயட்டும் என்று
யன்னலோரம் சாய்த்து வைத்தேன்.

கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
கம்பிக்குள் வாயை விட்டுக்
குடம்பியையும் ஓர் அம்பையும் தின்றுவிட்டது.
"ரீச்சர், மானுக்குப் பசி" என்றான் துவாரகன்,
நான் அறியாததைச் சொல்வதுபோல.

சரி, படம் வேண்டாமென்று
டச்சுக் குடா வேலியோரத்து எருக்கலையிடம் போனோம்.
இலையைப் பிரட்டினால் அடியில் ஒரு முட்டை.
உப்புக்கல் அளவு என்றேன்.
உப்புக்கல்லை விடச் சிறிது என்றாள் ருஸ்னா.
அவளுடைய வாப்பாவுக்கு நிலாவெளி உப்பளத்தில் வேலை;
உப்பைப் பற்றி அவளோடு வாதிட முடியாது.

ஆறு எண்ணினோம். மறுநாள் நாலு.
எறும்பு என்று கொப்பியில் எழுதினோம்.
மூன்றாம் நாள் ஒன்று வெளியே வந்து
தன் கோதையே தின்றது.
"வீட்டைச் சாப்பிட்டுட்டுது!"

ஜாம் போத்தல், வாயில் நுளம்பு வலை.
காலையில் இலை வைக்கவேண்டும், பீயைக் கொட்டவேண்டும்;
இரண்டாவதற்குத்தான் அடிபிடி.
எருக்கம்பால் பட்ட கையால் கண்ணைத் தொடாதே என்று
நாற்பது தரம் சொல்லியிருப்பேன்.
கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி; முதுகில் ஆறு கொம்பு.
தோல் உரித்தது, உரித்தது, பிறகும் உரித்தது.
பாடப்புத்தகம் அதையெல்லாம்
ஒரே படத்தில் முடித்திருந்தது.

பத்தாம் நாள் வலையில் தலைகீழாய்த் தொங்கியது.
விடிந்தால் பச்சைக் கூடு,
ஊசிமுனை அளவில் தங்கப் புள்ளிகள்.
யாரும் கத்தவில்லை.
யதுர்ணா மட்டும் கிட்டப் போய்
"உள்ளுக்கு இப்ப அது என்னவா இருக்கு?" என்றாள்.
"கரைஞ்சு..." என்று தொடங்கி
அதற்குமேல் தெரியாததால்
வரவு இடாப்பைத் திறந்தேன்.

ஒரு கிழமையில் கூடு கறுத்தது.
செட்டை தெரியுது பாருங்கோ என்றேன்.
தெரியவில்லை.
வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடவேளை
கூட்டிலிருந்து ஒரு நூல் இறங்கியது,
நூலின் நுனியில் வெள்ளையாய் ஒரு புழு.
பிறகு இன்னொன்று.
மூன்றாவது இறங்கியபோது துவாரகன்
வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

போத்தலை மறைத்துவிட்டுத் திங்கட்கிழமை
எங்காவது ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து
உள்ளே விட்டிருக்கலாம்.
விடவில்லை. துணிவு என்று சொல்ல மாட்டேன்;
இருபத்தேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புழுக்கள் அடியில் மண்ணிறக் குருமணிகளாய் இறுகின.
நாள் கழித்து வந்தவை ஈக்கள்.
சாம்பல் முதுகு, கால்களை உரசிக்கொண்டு,
அழைப்பிதழோடு வந்தவர்கள் மாதிரி.
"கள்ளர்" என்றாள் ருஸ்னா. சிலர் அழுதார்கள்.
யதுர்ணா விரல் மடித்தாள்:
"ஈ முட்டை போட்டது. புழு வந்தது. கூடாச்சு. ஈயாச்சு.
ரீச்சர், இதுக்கும் நாலுதானே?"

நாலுதான்.

தவணைப் பரீட்சை, வினா ஆறு:
வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை
வரைந்து பெயரிடுக. நான்கு புள்ளி.
இருபத்தாறு பேர் வட்டம் கீறினார்கள்.
அவளும் கூட்டுப்புழு வரைக்கும் கீறி,
கூட்டுக்குள்ளே இன்னொரு சின்ன வட்டம்.
வெளி வட்டத்தின் கடைசி அம்பு எங்கும் போகவில்லை.
நிறையுடலி இருக்கவேண்டிய இடத்தில்
அழித்து அழித்துத் தாள் மெலிந்து
பின்பக்கத்து எழுத்துத் தெரிந்தது.

விடைத்திட்டத்தில் இதற்கு இடமில்லை.
சிவப்புப் பேனையோடு இருந்தேன்.
வெளியே மான் ஒன்று
யாரோ எறிந்த லஞ்ச்சீற்றை மென்றுகொண்டிருந்தது.

மூன்று போட்டேன். வெட்டி, நான்கு.
பிறகு ஓரத்தில், அதிபர் கேட்டால் கேட்கட்டும் என்று,
சின்னதாய் எழுதினேன்:
அந்த ஈயின் பெயர் எனக்கும் தெரியாது.