ஒரு வரி நீக்க ஐந்து ரூபாய்

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஒற்றை ஷட்டர் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பயோடேட்டா.
எல்லாரும் எதையாவது சேர்க்கச் சொல்லித்தான் வருவார்கள்.
வைரக்கண்ணு
நீக்கச் சொல்லி வந்தான்.

"எம்.எஸ்சி.யை எடுத்துடுங்கக்கா.
பி.எட்.டும் வேணாம்.
பன்னெண்டாவதோட நிறுத்திக்கலாம்."

போன வருஷம் நான்தான் அவற்றைத்
தடித்த எழுத்தில் அடித்தேன்.
வேதியியல், முதல் வகுப்பு.
கல்லூரிப் பெயரில் ஒரு கால் விட்டுப்போனதற்கு
மன்னார்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து
சண்டை போட்டவன் இவன்.

முத்துப்பேட்டை ரோட்டு ஆலையில்
"இவ்ளோ படிச்சவன் இங்க தங்கமாட்டே" என்று
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்களாம்.
அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம்:
அனுபவம் இல்லை.
அதற்கும் முன்னால் மருந்துக் கம்பெனி.
அங்கே ஒன்றும் சொல்லவில்லை,
ஊர்ப்பேரை மட்டும்
இரண்டு தடவை கேட்டார்கள்.

நீக்கினேன்.
ஏழு வருஷம் இருந்த இடத்தில்
வெள்ளையாய் ஒரு பள்ளம்.
ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெளியே வேளாங்கண்ணி வண்டியின் கண்டக்டர்
ஊர்களை ஒவ்வொன்றாக ஏலம் போட்டார்.
"விவசாயம்னு போடுங்க" என்றான்.
"தண்ணி வராத வருஷமும் இருக்கே அதுல?"
"அதெல்லாம் யாரு பாக்கப் போறா."

அதே வாரம் தையல்நாயகி வந்தாள்.
கொள்முதல் நிலையத்தில் பதினோரு அறுவடை
மூட்டை தைத்தவள்.
மத்தியானங்களில் பதிவேடு எழுதியதும் அவள்தான்;
கையெழுத்து மட்டும்
தூங்கி எழுந்தவர் போட்டார்.
அனுபவச் சான்றுக்கு லெட்டர்பேடு கேட்டாள்.
என்னிடம் இருந்தது
வெறும் ஏ-ஃபோர்.

என்னை இந்தக் கடையில் சேர்த்தபோது
சாயபு ஒரு கிழிந்த பத்திரத்தை நீட்டி
"இத அடி, பாப்போம்" என்றார்.
அடித்தேன்.
இரண்டு பிழை. "நாளைலேர்ந்து வா."
அவ்வளவுதான் என் நேர்காணல்.
எட்டாம் வகுப்பா, எம்.ஏ.வா,
அவருக்கு இன்றுவரை தெரியாது.

தை பிறந்து, நெல் லாரிகள் வரிசையில் நிற்கிற மாதம்,
கோட்டூர் ரோட்டு ஆலை மேலாளர்
காரை நிழலில் விட்டுவிட்டு வந்தார்.
நோட்டீஸ் இருநூறு.
தவிட்டு எண்ணெய்ப் பிரிவு புதிதாம்,
பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் வேண்டும்.
எம்.எஸ்சி. வேதியியல். முதல் வகுப்பு அவசியம்.
உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை.

"ரெண்டு மாசமா தேடுறேம்மா.
இந்தப் பக்கம் படிச்சவனே இல்ல."

எலி என் கைக்கடியில் நின்றது.

"எடைமேடையில ஒரு பையன் போட்டுருக்கேன்,
பன்னெண்டாவதுதான். தங்கமான பய.
லாரி வரும்போதே கணக்கு சொல்லிடறான்.
ம்... மேல படிச்சிருந்தா
எங்கயோ போயிருப்பான்."

சொல்லிவிடலாம்.
சொன்னால் பொய் சொன்னவன் ஆகிவிடுவான்,
நாளைக்கு எடைமேடையும் இருக்காது.
சொல்லாவிட்டால்
பன்னெண்டாவதுதான்.
"முதல் வகுப்பு" என்பதை
தடித்த எழுத்தாக்கினேன்.
சின்னதா இருக்கே என்றார்,
இன்னும் பெரிதாக்கினேன்.

ரசீது கேட்டார்.
வீணான தாள்களின் பின்பக்கத்தில்தான்
எங்கள் கடையில் ரசீது.
கட்டின் மேலே இருந்ததை நான் எடுக்கவில்லை,
அடியில் தேடி உருவினேன்.
போன வருஷத்தது, ஒரு கால் விட்டுப்போனது.
நானூற்று ஐம்பது, நன்றி என்று எழுதி
சீல் குத்திக் கொடுத்தேன்.

தொகையைச் சரிபார்த்தார்.
நாலாக மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணக்குக்காக ஆலையில் அதைக் கொடுப்பார்.
யாராவது
திருப்பிப் பார்க்கலாம்.