ஓப்போ ஏ-ஃபைவ், வரவில்லை

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில்
எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒரே மேசை.
ஒரு கால் கட்டை. அதற்கு முட்டுக்கொடுத்தது
பழைய ஏழாம் தர விஞ்ஞானப் புத்தகம்.
அந்த மேசையில் எவரும் கூட்டம் கூட்டியதில்லை.
பெனடிக்டா பணிஸைப் பிய்த்தபடி சொல்லுவா:
"ஏழு பி-யில அந்தப் பின்வாங்குப் பெடியன்
இண்டைக்கும் சாப்பிடாமல் வந்திருக்கிறான்."
அவ்வளவுதான்.
அடுத்த பாடவேளை நஸ்லீம் சேர்
அவனிடம் கேள்வி கேட்கமாட்டார்.
நான் கன்ரீனுக்கு அனுப்புவேன்,
எனக்கொரு தேத்தண்ணி,
மிச்சக் காசுக்கு வடை என்று.
இதற்கு எங்களிடம் பெயர் இருக்கவில்லை.
வலயத்துச் சுற்றறிக்கைதான் பிறகு வைத்தது:
கூட்டுச் செயற்பாடு,
கிழமைக்கொருமுறை, ஸூமில், நாற்பது நிமிடம்.

வெள்ளி நாலு மணி.
பன்னிரண்டு சதுரம். ஏழில் முகமில்லை,
முதலெழுத்து மட்டும்.
"ஏதும் பிரச்சினை இருக்கா?" என்கிறார் அதிபர்.
ஒரு மைக் திறக்கிறது,
குக்கர் விசிலடிக்கிறது,
மூடுகிறது.
பிரச்சினை இல்லை என்று அறிக்கை எழுதுகிறோம்.

நான் வெள்ளவத்தையில், மாடிப்படியில்
(அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு)
எட்டு ஏ-க்குத் தமிழ் படிப்பித்தேன்.
உவமையணிக்கு நடுவே கரையோர ரயில் போகும்.
"ரீச்சர் கேக்கேல்ல" என்று
முப்பது பேர் ஒன்றாய் எழுதுவார்கள்.
ஒரு பெயர் மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை:
ஓப்போ ஏ-ஃபைவ்.
முகமில்லை. குரலில்லை.
திங்கள் இருக்கும். செவ்வாய் இராது.
புதன் பாதியில் நழுவும்.
ஐந்து கிழமை பார்த்துவிட்டு
இடாப்பில் சிவப்பால் எழுதினேன்:
கவனமில்லாத பிள்ளை.

ஊரடங்கு இரண்டாம்முறை நீண்ட இரவு
வினாத்தாள் பாஸ்வேர்ட் மறந்துபோய்
பெனடிக்டா எடுத்தா.
பாஸ்வேர்ட் ஒரு நிமிடம்.
பிறகு கோழி விலை, மாமியின் சுகர்,
பிறகு, போகிற போக்கில்,
"செவ்வாயில மட்டும் ஒழுங்கா வருது ஒண்டு.
பேர் வைக்கவும் தெரியேல்ல. ஓப்போவாம்."

நான் இடாப்பை எடுத்துவந்தேன்.
அவ தன்னுடையதை.
நான் இல்லை என்ற இடமெல்லாம்
அவ இருக்கு என்றா.
என் ஓட்டையும் அவவின் புள்ளியும்
சைக்கிள் பல்லும் செயினும்போல் விழுந்தன.

ஏழு பி-யில் யதுஷிகா.
எட்டு ஏ-யில் அவளுடைய அண்ணன் கிரிஷாந்.
தகப்பன் நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமப்பவர்.
கடைகள் பூட்டு. போன் ஒன்று.
பன்னிரண்டும் பதின்மூன்றும் வயது,
சண்டையில்லாமல் நேரசூசி போட்டிருந்தார்கள்.
மேசை இருந்திருந்தால்
இது ஒரு பணிஸ் நேரத்து விஷயம்.

முழுக்கக் குறைசொல்லவும் ஏலாது.
அந்தக் கிழமை பெனடிக்டா தன் பாடத்தைப் பதிந்து அனுப்பினா,
தவறவிட்ட பிள்ளைகளுக்காக.
நானும் பார்த்தேன்.
ஒன்பது வருசம் எங்கள் வகுப்புகளுக்கிடையே
ஒரு பலகைத் தட்டிதான்.
அவ கத்துவது கேட்கும்,
படிப்பிப்பதைக் கண்டதில்லை.
பின்னம் ஒன்றை எழுதி, கேள்வியைக் கேட்டுவிட்டு
பதினொரு விநாடி சும்மா இருந்தா. எண்ணினேன்.
வெறும் திரையைப் பார்த்தபடி, முகம் மாறாமல்,
அங்கே யாரோ யோசிக்கிறார்கள் என்று.
நான் எவரையும் மூன்றுக்குமேல் விட்டதில்லை.

செவ்வாய்ப் பாடத்தை மாலைக்கு மாற்றினேன்.
நஸ்லீம் சேர் வியாழனை விட்டுத்தந்தார்,
தன் இடாப்பையும் படமெடுத்து அனுப்பினார்,
இன்னும் ஓப்போக்கள் இருக்குதா பாருங்கோ என்று.
இரண்டு இருந்தன.
வெள்ளிக் கூட்டம் அப்படியேதான்.
பிரச்சினை இல்லை.

பத்து பத்துக்கு, மணி அடிக்க ஆளில்லாத நேரம்,
போன் அடிக்கிறது.
"இடைவேளை" என்கிறா பெனடிக்டா.
கடதாசி கிழிகிற சத்தம்.
பணிஸ் கிடைத்திருக்கவேண்டும்.
நான் அந்தச் சிவப்பு எழுத்தை
அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தாள் ஓட்டையாகிவிட்டது.