புள்ளிப் புத்தகம்

பகலில் காணிப் பதிவகத்தில்
உறுதிகளுக்கு இலக்கம் போடுகிறேன்.
பின்னேரம் ஐந்து மணிக்குமேல்
புளியந்தீவில், வாவிக்காற்று நேரே வந்து மோதும்
சீமெந்துக் கோர்ட்டின் ஓரத்தில்
ஒரு மேசை, ஒரு கதிரை,
முதலாம் மூன்றாம் காலுக்குச் சிவப்புப் பேனை,
மற்ற இரண்டுக்கும் நீலம்.
யார் போட்டாலும் என் கைதான் எழுதும்.

ஆகவே என்னிடம்தான் கேட்கிறார்கள்,
கொத்துக்கடையில், கச்சேரி வாசலில்,
கல்லடிப் பாலத்தில் மோட்டார்சைக்கிளை மெதுவாக்கி:
"நொக்கவுட் எண்டு வந்தா
ஷெர்வினா, வினோஜிதனா?"

லீக்கில் இந்தக் கேள்வியே இல்லை.
ஷெர்வின் செல்லர் மெட்ச்சுக்கு இருபத்துநாலு.
என் தேத்தண்ணி ஆறமுன் அதில் பத்து.
இடப்பக்கம் போவான், எல்லாரும் போவார்கள்,
மறுகா ஒரு கிறுகல்,
காவலுக்கு நின்றவன்
தன் நிழலைக் காத்துக்கொண்டு நிற்பான்.

வினோஜிதன் லீக்கில் பதினைஞ்சு.
ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் வருவான்,
சப்பாத்தைப் பொலித்தின் பையில் கொண்டு.
பந்தைக் கொடுப்பான், கொடுப்பான்,
கொடுத்துக்கொண்டே இருப்பான்.
தோற்றால் வீடு என்று வந்துவிட்டாலோ
மூன்று மாதம் ஒளித்துவைத்த அத்தனையையும்
பொக்கற்றிலிருந்து சில்லறை எடுப்பதுபோல்
எண்ணி எண்ணிப் போடுவான்.

புத்தகத்தைத் திறந்து காட்டுகிறேன்.
மூன்று வருசம், ஆளுக்கு ஒன்பது நொக்கவுட்.
ஷெர்வின் நூற்றியெண்பத்தேழு.
வினோஜிதன் நூற்றியெண்பத்தைந்து.
ஒருவன் இறங்கிவந்த படியில்
மற்றவன் ஏறி நிற்கிறான்.

"ஷெர்வினை ரெண்டு பேர் காக்கிறாங்க,
வினோவை ஒருத்தன்தானே, அதைக் கழி"
என்கிறான் பலூடா விற்கும் றிஃப்கான்.
"ஷெர்வின் கோட்டில நிண்டு சும்மா போட்டது
நாப்பது, அதையும் கழி"
என்கிறார் மின்சாரசபை தேவராசன்.
கழிக்கக் கழிக்க இரண்டு பேரும்
பந்தை இரண்டு கையால் தூக்கும்
ஆறு வயதுப் பொடியன்களாகிவிடுகிறார்கள்.

இதுவரை ஒருவரும் கேட்காதது ஒன்றிருக்கிறது.

போன வருச இறுதியாட்டம்.
நாலாம் கால், ஒரு நிமிசம் பதினொரு செக்கன்.
வலப்பக்கம், மூன்றுப்புள்ளிக் கோட்டுக்கு
ஒரு சாண் உள்ளே
வினோஜிதன் எழும்பினான்.
பந்து விரலை விட்டது.
கரண்ட் போனது.

கோர்ட் போனது, தேவாலயக் கோபுரம் போனது,
வாவிக்கு அங்கால் ஊர் முழுக்கப் போனது.
ஒரு தோணி விளக்கு மட்டும்
நமக்கென்ன என்று அசைந்துகொண்டிருந்தது.
அத்தனை சனமும் ஒருமிக்க வாய்மூடிய
அந்த அரை மூச்சில்
வலை.
வளையத்தில் முட்டாமல் வலை மட்டும்,
வீச்சுவலை தண்ணியில் விழுகிற சத்தம்.
மறுகா பந்து நிலத்தில் நாலு தரம்.

ஜெனரேற்றர் வர இருபது நிமிசம்.
நடுவர் மேசைக்கு வந்தார்.
கண்டீர்களா என்று கேட்டார்.
கேட்டீர்களா என்று கேட்கவில்லை.
வளையத்துக்கு நேர்கீழே நின்ற ஷெர்வின்
குனிந்து சப்பாத்து நூல் கட்டினான்,
கட்டியிருந்த நூலை அவிழ்த்து.
நான் பேனைக்கு மூடி போட்டேன்.

பந்தை நடுவில் எறிந்து தொடங்கினார்கள்.
வினோஜிதனின் ரீம் ஒரு புள்ளியால் தோற்றது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கடைசி பஸ் போய்விட்டிருந்தது.
ஷெர்வின்தான் தன் மோட்டார்சைக்கிளில்
ஆரையம்பதிவரை ஏற்றிப்போனதாகக் கேள்வி.
வழியில் என்ன பேசினார்கள்,
பேசினார்களா, தெரியாது.

அந்தப் பக்கத்தை நான் ஒருவருக்கும் விரிப்பதில்லை.
நாலாம் காலின் வெறுங்கட்டமொன்றில்
மூடுவதற்கு முன் பேனைமுனை தொட்ட இடம்,
கடுகளவு நீலம்.
அழித்துப் பார்த்தேன், கடதாசிதான் தேய்ந்தது.
கணக்கில் அது சேராது.
ஆனால் புள்ளி புள்ளிதான்.

இன்றைக்கு அரையிறுதி, இரண்டு பேரும்.
புதுப் பேனை வாங்கியிருக்கிறேன்.
றிஃப்கான் கிளாசை மேசையில் வைத்துவிட்டுக்
குனிந்து கேட்கிறான்:
"உண்மையச் சொல்லுங்க, ஆரு?"

அங்கால எடு மனே கிளாசை,
புத்தகம் நனையுது.