ஒட்டு

காலை ஏழரைக்கு ஒட்டிவிடுகிறேன்,
நன்றாகப் பார்க்கிற வலது கண்ணை மூடி.
தப்பு செய்யாத கண்ணுக்கு எதுக்கும்மா தண்டனை
என்கிறாள் தருணிகா.
கேட்பது நியாயம்தான்.

ஐந்து ரோடு டாக்டரம்மா சொன்னார்:
இடது கண் பார்க்கத்தான் செய்கிறது,
அது சொல்வதை மூளை
காதில் போட்டுக்கொள்வதில்லை.
சிரித்துவிட்டேன்.
எங்கள் வீட்டில் என் பேச்சுக்கும் அதே கதி.
சீட்டில் மட்டும்
சோம்பேறிக் கண் என்று எழுதியிருந்தது.

‘மாறுகண்ணு யோகம், அதுல கைவெக்காதே’
என்றாள் நாத்தனார் கோமளா.
ஆறு வருஷமாக
ஒரு கண் தெருவையும் மறு கண் கொல்லையையும்
பார்த்தபடி இருந்தும்
எந்த வழியாகவும் யோகம் வரக் காணோம்.

ஒட்டின பிறகு கிட்டத்து வேலை கொடுக்க வேண்டுமாம்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குக் கெச்சம் வைப்பவள் நான்.
வெள்ளி, எடை போடாமல் வாசல் தாண்டாது;
கழித்துப்போட்ட பித்தளைக் கெச்சம்
ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிவந்தேன்.
முதல் நாள் அவள் ஊசி
காற்றைத்தான் கோத்தது.
தட்டைத் தள்ளிவிட்டாள்.
இன்றும் பெருக்கும்போது கட்டிலுக்கடியில்
ஒன்றிரண்டு சிணுங்கும்.

மூக்கோரம் இடுக்கு விட்டு எட்டிப்பார்ப்பாள்.
கண்டுபிடித்துவிடுவேன்:
அப்போது மட்டும் மளமளவென்று கோப்பாள்.
பள்ளியில் ஒத்தக்கண்ணி என்றார்களாம்.
அன்று உரித்த ஒட்டைக் கொண்டுபோய்
காலண்டரில் இருக்கிற
கோட்டை மாரியம்மன் கண்ணில் ஒட்டினாள்.
‘அவங்களும் இடது கண்ணாலயே பாக்கட்டும்.’
இவர் வந்து சத்தம் போடும்வரை
நான் எடுக்கவில்லை.

மாசியில் மூன்றாம் வரி. ஆடியில் நாலாம் வரி,
அதிலும் ஒரு எழுத்து ஊகம்.
கீழே இன்னும் மூன்று வரி இருக்கிறது.

நேற்று ராத்திரி ஒட்டு எடுத்த பிறகு
கன்னங்குறிச்சி மாடியில் நின்றோம்.
ஏற்காட்டு மலையில்
வெளிச்சம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.
‘ரெண்டும்மா’ என்றாள்.
எனக்கு ஒன்றுதான்.
வயிற்றைப் பிசைந்தது.
ஒன்று இரண்டாய்த் தெரிந்தால்
உடனே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.
முகத்தை என் பக்கம் திருப்பி
கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன்.
‘விடும்மா. ரெண்டுதான்.’

கொண்டை ஊசி வளைவு வந்தது.
பெரிய வெளிச்சம் திரும்பி மறைய,
அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த
சின்ன வெளிச்சம்
தனியாகக் கொஞ்ச நேரம் நின்று
பிறகு திரும்பியது.