மிச்சமான வயர்

எங்கே பூட்டுவது என்பதிலேயே ஒரு ஞாயிறு போனது.
சீற்றுக்குப் பின்னால் வைத்தால் பால்கான் முட்டும்.
முன் கூடை ஆதிரையின் புத்தகப்பைக்கு.
கீழ்க்குழாயில் கட்டிப் பார்த்தேன்,
மிதிக்க மிதிக்க முழங்கால் உரசியது.
கடைசியில் கரியருக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவே
நாலு விரல் இடம்.
அங்கே கொன்ட்ரோலர்
வௌவால் மாதிரித் தலைகீழாய்த் தொங்குகிறது,
அலுமினியப் பற்கள் காற்றுப்பக்கம்,
வயர்வாய் நிலத்தைப் பார்த்து.

ஒலுமடுவில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
வயர் வழியே இறங்குகிற தண்ணி
வளைவில் சொட்டிப் போகட்டுமென்று
ஒவ்வொன்றுக்கும் ஒரு தொய்வு விட்டேன்.
இழுத்துக் கட்டின வயர் எனக்கு எப்பவும் பிடிக்காது.

அது எட்டு வருசக் கதை.
காட்டுக்கரையில் முழங்காலில் நின்று மண் வழித்தேன்,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம்.
வயர் கண்டால் கையை எடு.
வந்த வழியே பின்னுக்குப் போ.
சிவப்புத் தடி நடு. விசில் அடி.
வயரைப் பற்றி
எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.
தளத்தை மூடினார்கள். சான்றிதழ் ஒன்றும்
இரண்டு மாதச் சம்பளமும்.
அதில் ஒரு மாடு. பிறகு இன்னொரு மாடு.
மாங்குளம் பால்சேகரிப்புக்கு எட்டுக் கட்டை,
அதில் மூன்று கட்டை கிரவல்.

கொட்டிலில் ஆதிரை போன் வெளிச்சம் பிடித்தாள்.
மொத்த வயர் மூன்று: பச்சை, மஞ்சள், நீலம்.
மெல்லிசு ஐந்து,
சில்லு எந்த இடத்தில் நிற்கிறதென்று
கோள் சொல்லுகிறவை.
பிரேக் பிடித்தால் மோட்டரை நிறுத்த ஒரு சோடி.
நிறத்துக்கு நிறம் சேர்த்தேன்.
பிரிக்கப் பழகின விரல்
சேர்க்கும்போது வேர்க்கிறது.

பிறகு பற்றரி.
சிவப்பின் முனை சிவப்பைத் தொட முன்னமே
படீர் என்று ஒரு நீலப் பொறி.

நிலத்தில் கிடக்கிறேன்.
எனக்குக் கீழே ஆதிரை.
போன் எங்கேயோ விழுந்து
கூரைத் தகரத்தில் வெளிச்சம்.
மாடு இரண்டும் எழும்பி நின்றன.
எவ்வளவு நேரமென்று தெரியாது.

"அம்மா, பாரம்."

எழும்பினேன்.
அவள் பாவாடையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:
"இன்னொருக்காச் செய்யுங்கோ."

செய்யவில்லை. தளத்தில் டிடெக்டர் திருத்தின
ஜெயரூபனுக்கு எடுத்தேன்.
கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை அவன்.
"எங்க விழுந்தனீங்கள்? பிள்ளைக்கு மேலயோ?" என்றான்.
கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.
பிறகு சொன்னான்:
"உள்ளுக்குக் காலிக் கொதுப்பு ஒண்டு இருக்கு, அக்கா.
அவிட்டு விட்ட கண்டு மாதிரி
ஒரே இழுவையில குடிக்கும்.
முதல் ஒரு மின்குமிழுக்குள்ளால கொஞ்சம் குடுங்கோ.
பிறகு தொடுங்கோ."

குமிழ் ஒருதரம் சிவந்தது.
மங்கியது. அணைந்தது.
தொட்டேன்.
சத்தமில்லை.
ஆதிரைக்கு முகம் விழுந்துபோனது.

திருகுபிடியைத் தொட்டதும்
தூக்கி நிறுத்தின சில்லு
உதறி, கடகடத்து,
பின்பக்கமாய்ச் சுற்றியது.
"மாங்குளத்துக்குப் போக மாட்டுதாம்," என்றாள்.
பச்சையையும் மஞ்சளையும் மாற்றினால் இன்னும் மோசம்,
நின்ற இடத்தில் விறைத்து முனகியது.
மெல்லிசிலும் இரண்டை மாற்றினேன்.
ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ
அது முன்னுக்குப் போனது.

விடிய நாற்பத்திரண்டு லீற்றர்.
கிரவலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
ஒருத்தியும் தள்ளாமல் போனேன்.
எதிரில் வந்த உழவு மெசின்காரன்
திரும்பிப் பார்த்துப் பள்ளத்துக்குள் இறக்கினான்.

வெள்ளை நிறத்தில் ஒரு வயர் மட்டும் மிச்சம்.
எதற்கென்று ஜெயரூபனுக்கும் தெரியவில்லை.
வெட்டவில்லை.
முனைக்கு ரேப் சுற்றி
ஆதிரையின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி ஒன்று வைத்து
மடித்து உள்ளே விட்டிருக்கிறேன்.